உங்கள் கோழியா, இயற்கையா?

புக்கிட் மேராவில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்துக்கு ஒரு சேவல் குடிவந்தபோது, லிட்டில் இந்தியாவின் ஒரு வாசகர் வட்டத்துக்காக நான் உரை எழுதிக்கொண்டிருந்தேன். மக்கள் வாழ்ந்த நிலத்துக்கு 'இயற்கை' என்று பெயர் வைத்து, அங்கே யாருமே இல்லை என்று சொல்லித்தான் வெள்ளையர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள் என்பது என் வாதம். எழுத உட்கார்ந்தால் சேவல் கூவும். இயற்கையைப் பற்றி எழுத இயற்கையே விடாது போலிருந்தது.

யாரோ புகார் செய்ய, விலங்கு பறவைகளைக் கவனிக்கும் துறையிலிருந்து ஒரு தமிழ்ப் பெண் அதிகாரி வந்தார். சேவலுக்குச் சோறு வைக்கும் எதிர்வீட்டு பாயும் நானும் கீழே போனோம்.

"சார், இது உங்க கோழியா, இயற்கையா?" என்றார் அதிகாரி.

"புரியலம்மா."

"வளக்குற கோழின்னா இங்க வச்சிக்கக் கூடாது. காட்டுக்கோழின்னா நாம தொடவே கூடாது. எதுன்னு தெரிஞ்சாதான் ஏதாச்சும் செய்ய முடியும் லா."

காட்டுக்கோழிக்குக் காதருகே வெள்ளைத் திட்டும் சாம்பல் நிறக் கால்களும் இருக்குமாம். மூவரும் குனிந்து பார்த்தோம். காதருகே வெள்ளை இருந்தது. கால்களோ நல்ல மஞ்சள்.

"மேல காடு, கீழ வீடு," என்றார் பாய்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "காடு வேற, வீடு வேறன்னு பிரிச்சதே வெள்ளக்காரன்தாம்மா," என்றேன்.

"இருக்கலாம் சார். ரிப்போர்ட்ல அப்படி எழுத முடியாதே."

அவர் மேலதிகாரியிடம் போனில் வெகுநேரம் பேசிவிட்டுத் தீர்ப்பைச் சொன்னார். புல்லில் நிற்கும்வரை அது இயற்கை. சிமெண்டுத் தரையில் கால் வைத்தால் கோழி. சோறு வைத்தால் பாயின் கோழி.

"ஒரு வாய் சோறு போட்டா என் புள்ளையாயிடுமா?" என்று பதறிய பாய், அன்றோடு சோறு வைப்பதை நிறுத்திவிட்டார். அதனால் சேவல் பசியோடு படியேறி வரத் தொடங்கியது. அதைத் திரும்பப் புல்லுக்குத் துரத்தும் வேலை என் தலையில் விழுந்தது. இயற்கைக்கு எல்லையே கிடையாது என்று மேலே எழுதுவேன். கீழே இறங்கி, செய்தித்தாளை ஆட்டி அந்த எல்லையைக் காப்பேன்.

வாசகர் வட்டத்தில் இதைச் சொன்னபோது ஒருவரும் சிரிக்கவில்லை. மும்முரமாகக் குறிப்பெடுத்தார்கள்.

மறுவாரம் பாய் கதவைத் தட்டினார். புல்லில் இரண்டு பெட்டைகள் வந்து சேர்ந்திருந்தன.

"ரெண்டுக்கும் காலு சாம்பல் தம்பி. இனி பொறக்குறது என்ன கணக்கு? அந்தப் பொண்ணக் கூப்பிட்டுக் கேப்பமா?"

"வேணாம் பாய்," என்றேன். "புல்லுல நிக்கிற வரைக்கும் காலு நம்ம கண்ணுல படல."