கல்யாண சிடியின் வால்

ஓசூரில் நான் மெஸ் நடத்திய நாட்களில், எங்களிடம் சாப்பிடும் பையன்களில் யாருக்குக் கல்யாணமானாலும் அந்த சிடியை முதலில் எங்கள் டிவியில்தான் போட வேண்டும். பெரிய டிவி எங்களிடம் இருந்தது. அதைவிட முக்கியம், ஞாயிற்றுக்கிழமைக் கோழிக்குழம்பும் எங்களிடம் இருந்தது.

எல்லோரும் தொழிற்பேட்டைப் பையன்கள். மோரில் தண்ணீர் கூடினால், "என்னக்கா, இன்னைக்கு கூலன்ட் ஊத்துறீங்க?" என்பார்கள். மிஷின் சூடாகாமலிருக்க வெள்ளையாக ஊற்றுவார்களே, அதுதான் கூலன்ட். தோசை தீய்ந்துபோனால் "ரிஜெக்ட்" என்று தட்டோரம் ஒதுக்குவார்கள். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள் நான். இந்தப் பேச்சைக் கேட்கவே குழம்புக் கரண்டியோடு கொஞ்சம் கூடுதலாக நிற்பேன்.

அந்த வருடம் கல்யாணம் முடித்தவன் தேனிப் பக்கத்துப் பையன். பெண்ணுக்குத் தளிப் பக்கம். ரோஜா போடுகிற குடும்பம், வீட்டில் கன்னடம். இருவருக்கும் ஒரே கம்பெனி, காதல். ஆனால் பையனின் தாய்மாமன் தன் மகளை இவனுக்கென்றே நினைத்து வைத்திருந்தவர். விஷயம் தெரிந்த நாளிலிருந்து 'மாப்ள' என்று கூப்பிடுவதை விட்டுவிட்டார். வெறும் 'தம்பி'தான். பெண் வீட்டு ஊரில் நடந்த கல்யாணத்துக்கு அவர் வந்ததே பெரிது என்றான் பையன். வந்து, முறுக்கு மீசையும் பச்சைத் துண்டுமாக, முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு பந்தலில் ஓரமாக உட்கார்ந்தாராம்.

சிடி வந்த ஞாயிற்றுக்கிழமை மெஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. கல்யாண சிடியில் மாப்பிள்ளை பெண்ணையா பார்க்கிறார்கள்? அவரவர் முகத்தைத்தான் தேடுகிறார்கள்.

"ஏய், நான் வர்றேன், நான் வர்றேன்!"

"வாயில அப்பளத்தோட வர்ற. அதையும் பாரு."

தாலி கட்டி முடிந்தது. மேடையில் ஆள் மாற்றி ஆள் வந்து நின்றார்கள். பையனின் முகம் மட்டும் சுருங்கிக்கொண்டே போனது.

"மாமாவக் காணோம்க்கா."

"வருவாருடா. பொறு."

மேடையில் வரவில்லை, பந்தியிலும் வரவில்லை. கடைசியில் இதய வடிவத்துக்குள் மணமக்கள் முகம் குட்டியாகி, 'நன்றி வணக்கம்' வந்தது. எல்லோர் கையிலும் எலும்பு. எழுந்துபோய் அணைக்க ஆளில்லை. திரை கறுத்தது. திடீரென்று ஒரு கொத்தமல்லித் தோட்டம் ஆடி ஆடி வந்தது. கூடவே, ஓடி வந்தவன் மூச்சு வாங்குவதுபோல ஒரு குரல்:

"பாருங்க, பாருங்க! இந்தக் கல்லு தெரியுதா? யாரும் திரும்பிக்கூட பாக்காத கல்லு. இந்தாண்ட தமிழ்நாடு, அந்தாண்ட கர்நாடகா! கொத்தமல்லிக்குத் தெரியுமா? தெரியாது! ஐயோ, அதோ போவுது பாருங்க ஒரு காக்கா. பர்மிட் இல்லாம பார்டர் தாண்டுது!"

மெஸ்ஸே குலுங்கிச் சிரித்தது. எனக்குப் புரையேறிவிட்டது. பையன் எழுந்துபோய் டிவியை அணைத்தான்.

"எங்க மாமாவ விட்டுப்புட்டு கல்ல எடுத்துருக்கான்க்கா! வர்ற ஞாயித்துக்கெழம சிடி பாக்கன்னே மாமா வர்றாரு. தான் இல்லேன்னு தெரிஞ்சா, வேணும்னே ஒதுக்கிட்டாங்கன்னு எந்திரிச்சுப் போயிருவாரு. அப்புறம் எங்கம்மாவுக்குப் பொறந்த வீடே கெடையாது."

மறுநாளே ஸ்டுடியோவுக்குப் போய் அந்தத் தெரு கேட்கச் சத்தம் போட்டுவிட்டு வந்தான்.

அன்று சாயங்காலம் மெஸ் வாசலில் ஓர் ஒல்லி ஆள் நின்றார். கழுத்தைச் சுற்றி மஃப்ளர், செருப்பு நிறையச் செம்மண், தோளில் கேமராப் பை. கல்யாணத்தை வீடியோ எடுத்தவர், பையனிடம் மன்னிப்புக் கேட்க வந்திருந்தார். அவனோ செகண்ட் ஷிஃப்டுக்குப் போயிருந்தான். ஞாயிற்றுக்கிழமைக்குள் அவனைச் சமாதானம் செய்யாவிட்டால் கேமராவைத் திருப்பி வைத்துவிட வேண்டும் என்று ஸ்டுடியோ முதலாளி சொல்லிவிட்டாராம். கேமரா முதலாளியுடையது.

"உக்காருங்க தம்பி, சாப்பிடுங்க. அந்தக் காக்கா நல்லா இருந்துச்சு" என்றேன்.

தட்டில் வைத்த கை அப்படியே நின்றது. "அக்கா! வால பாத்தீங்களா?"

அவர் அதற்கு வைத்திருந்த பெயரே வால்தான். கல்யாணத்துக்குப் போகிற ஊரிலெல்லாம் டேப்பில் மிச்சம் இருப்பதைக் கொண்டு, யாரும் எட்டிப் பார்க்காத ஏதாவதொன்றை எடுத்து சிடியின் கடைசியில் ஒட்டிவிடுவாராம். சோறு ஆற ஆறச் சொன்னார்: "பாரூர் ஏரி மதகாண்ட ஒரு படி இருக்குதுக்கா, எறங்கிப் போனா செவுருதான், வேற ஒண்ணுமில்ல! எதுக்குக் கட்டுனான்? சிங்காரப்பேட்டையில ஒரு கெணறு, உள்ளார ஒரு முருங்க மரம், காய் பறிக்க ஏணி வெச்சு எறங்குறாங்க!"

"இதையெல்லாம் யாரு தம்பி பாப்பா?"

"அணைக்க மறந்தவங்க பாப்பாங்க. அவங்க போதும்."

நான் விஷயத்துக்கு வந்தேன். "அது சரி, அந்த மாமாவை எடுத்திருக்கலாம்ல?"

"எந்த மாமா?"

"முறுக்கு மீசை, பச்சைத் துண்டு, உர்ருன்னு..."

"அவரா!" சோற்றுக் கையோடு எழுந்துவிட்டார். "நீங்க வால முழுசா பாக்கலியா?"

சிடி எங்கள் டிவிக்குள்ளேயேதான் கிடந்தது. ஓட்டினோம். காக்கா எல்லை தாண்டியது. அதற்குப் பின்னால், பீடியும் கையுமாக மாமா வந்தார். கோபத்தில் பந்தலைவிட்டு வெளியே வந்தவர், கல்லோடு பேசிக்கொண்டிருந்த இந்த மனிதரைப் பார்த்து நின்றிருக்கிறார்.

"யோவ், யார்ட்டயா பேசிக்கிட்டிருக்க?"

விளக்கம் கேட்டார். வேட்டியை மடித்துக் கட்டினார். கல்லுக்கு இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு கால். மீசைக்குக் கீழே மெல்லப் பல் தெரிந்தது. அந்நேரம் பந்தலிலிருந்து மைக் கூப்பிட்டது: "மாப்பிள்ளையின் தாய்மாமன் எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும்!"

"கூப்புடட்டும், நீ எடு" என்றார் மாமா. "மீசை தெரியுதா?"

இரவில் ஷிஃப்ட் முடிந்து வந்த பையன் அதைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான். "இதப் போட்டா கொன்னே புடுவாரு. பீடியோட நிக்கிறாரு. மைக்ல கூப்புட்டும் வரலேன்னு இருக்கு."

கூட வந்திருந்த அவன் பெண்டாட்டி அதிகம் பேசாதவள். அன்று சொன்னாள்: "போடுங்க. எங்க ஊர்ல அவரு சிரிச்சது அங்க மட்டுந்தான்."

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். எங்கள் மெஸ்ஸில் முதல் நாற்காலி அவருக்கு. வீடியோக்காரர் கேமராப் பையை மார்போடு பிடித்துக்கொண்டு அடுக்களை நிலையில் சாய்ந்து நின்றார். மாமா கோபித்துக்கொண்டு எழுந்து போனால், அங்கிருந்து நேரே ஸ்டுடியோவுக்குப் போய்க் கேமராவைக் கொடுத்துவிடுவதாக ஏற்பாடு. திரையில் தாலிகட்டு போனது, மேடை போனது, பந்தி போனது. மாமா கோழிக்குழம்பைத் தொடவே இல்லை. 'நன்றி வணக்கம்' வந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"அவ்வளவுதானா? சரி. நான் பஸ்ஸப் பாக்குறேன் தம்பி."

"உக்காருங்க மாமா" என்றாள் பெண். "இன்னும் இருக்குது."

அவளுக்காக உட்கார்ந்தாரா, திரையில் வந்த கொத்தமல்லிக்காக உட்கார்ந்தாரா, தெரியாது. கல் வந்தது. காக்கா வந்தது. அவரே வந்தார். மைக் கூப்பிட்டது. 'கூப்புடட்டும், நீ எடு' என்று அவர் குரலே அவருக்குக் கேட்டது.

மாமா தொண்டையைச் செருமினார்.

"அத மறுபடி போடு."

போட்டோம். இந்த முறை பையன்கள் அடக்க முடியாமல் விசில் அடித்தார்கள். "சத்தம் போடாதீங்கய்யா, நான் பேசுறது கேக்கல!" என்று அதட்டிவிட்டு, மூன்றாம் முறை போடச் சொன்னார். பிறகுதான் குழம்புக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தார்.

"யோவ் வீடியோ! ஊருக்கு ஒரு காப்பி வேணும். ஆனா முன்னாடி அந்தக் கல்யாணம் ரொம்ப நீளமாக் கெடக்கு. அதக் கொஞ்சம் வெட்டிரு."

வீடியோக்காரர் பையை மார்பிலிருந்து எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"மாமா, அது என் கல்யாணம்!" என்றான் பையன்.

"இருக்கட்டும் மாப்ள" என்றார் மாமா, எலும்பைக் கடித்தபடி.