நர்சம்மா வீட்டு ஈச்ச வேர்

சிவகாசி பேருந்து நிலையத்தில் ஒரு பெண் கூடையில் விற்ற ஈச்சம்பழத்தை நேற்று வாயில் போட்டேன். அந்தத் துவர்ப்புக்குப் பின்னாலேயே அப்பா வந்து நின்றார்.

இப்போது பட்டாசுக் கம்பெனிச் சுவர் ஓடுகிற நாரணாபுரம் ஓடைக்கரையில், அறுபதுகளில் இடுப்புயரத்துக்குப் புதர் புதராய்ச் சிற்றீச்சை நிற்கும். பள்ளிக்கூட வாத்தியாரான அப்பா, பல்வலி வந்தால் அதன் வேரைத் தோண்டிக் கழுவிக் கடைவாயில் அதக்கிக்கொண்டு, பேச முடியாமல் விரல்களை மடக்கியே எங்களிடம் வாய்ப்பாடு கேட்பார். சாயங்காலம் அதைத் துப்பி, வாயைக் கொப்பளித்து, ஒன்றும் தெரியாதவர்போல வீட்டுக்கு வருவார். எல்லாம் அம்மாவுக்குப் பயந்துதான். அம்மா மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸ். "கண்ட வேரையும் கடிச்சிட்டு, கன்னம் வீங்கி எங்கிட்ட வந்து நிக்காதீக" என்று ஊர்ப் பெண்களை அவள் வாசலில் வைத்துத் திட்டும்போது, உள்ளே அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு கோடையில் அந்தக் கம்பெனி கட்டுவதற்காகப் புதர்களை வெட்டிக் குவித்துத் தீ வைத்தார்கள். அன்று வேலை முடிந்து வந்த அம்மாவின் வெள்ளைச் சேலையில் முழங்கால்வரை செம்மண்; கையெல்லாம் முள் கீறல். மடியிலிருந்து ஒரு கட்டு வேரை எடுத்து அப்பா முன்னால் வைத்தாள்.

"கொளுத்துறதுக்குள்ள இம்புட்டுத்தான் தோண்ட முடிஞ்சது. இனிமே வாயக் கொப்பளிச்சிட்டு வராதீக. வீட்லயே வச்சுக் கடிச்சுக்கோங்க."

அப்பாவுக்கு அன்று பல்வலி இல்லை. இருந்தாலும் ஒரு துண்டை ஒடித்து வாயில் போட்டுக்கொண்டார்.