பிளாவில் ஊற்றிய மோர்

நெடுந்தீவில் பாதிப் பேருக்குப் பிரியவதனி ஒரு பைத்தியம். கடையில் பிஸ்கட் வாங்கினால் உறையைக் கிழித்து மேசையிலேயே வைத்துவிட்டு, பிஸ்கட்டைத் தன் பேணிக்குள் கொட்டிக்கொண்டு வருவாள்.

"இதை நான் என்ன செய்யிறது அக்கா?" என்பான் கடைக்கார ஜெயரூபன்.

"உம்மட சாமான். நீரே வைச்சிரும்."

"நாளைக்கு முட்டையையும் கோதில்லாமல் கேப்பியள் போல."

கடையில் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டுமே. அவளுடைய சினைப்பசு செத்தபோது மாட்டு வைத்தியர் வயிற்றைக் கீறினார். விருந்து வீடுகளில் சோற்றுக்கு அடியில் விரித்து எறிகிற பிளாஸ்ரிக் லஞ்ச் சீற்றும் சொப்பிங் பையுமாகப் பூசணிக்காய் அளவில் ஓர் உருண்டை வந்தது. அதற்குப் பிறகுதான் கன்று வந்தது. அன்றிலிருந்து எந்த வீட்டில் விருந்து நடந்தாலும் மறுநாள் காலை அவள் சாக்கோடு போய், மாடுகளுக்கு முந்தி அந்தத் தாள்களைப் பொறுக்கிவிடுவாள். கூப்பிடாத வீடுகளுக்கும் போவாள்.

அவளுக்கு ஒரே மகள் கம்சிகா. புருசன் இல்லை. கம்சிகா விரும்பியது சசிகரன் வாத்தியாரை. சசிகரனின் தகப்பன் அம்பலவாணர், பிரியவதனியின் தகப்பனுக்குக் கல்வேலி அடுக்கியவர். சாதி பார்த்து அந்த வீட்டார் குசினி வாசலைக்கூட மிதிக்க விடாத ஆள். சொந்தக்காரர் எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பிரியவதனி மட்டும், "என்ர பிள்ளைக்குப் பிடிச்சிருக்கு, எனக்கும் பிடிச்சிருக்கு" என்று நின்றாள். அம்பலவாணரின் ஆட்கள் நாள் குறிக்க வரச் சம்மதித்தார்கள்.

முப்பது பேர் வருகிறார்கள். வீட்டில் சாப்பாட்டுக் கோப்பை பத்து. லஞ்ச் சீற் வாங்கச் சொன்னாள் கம்சிகா.

"என்ர வளவுக்குள்ள அது வராது."

நாலு நாளாக இருந்து பனையோலையில் சாப்பாட்டுத் தட்டுகள் இழைத்தாள். மோருக்குக் குருத்தோலையைக் கிண்ணம்போலக் கோலிப் பிளா கட்டினாள். சின்ன வயதில் ஆடிக்கூழைப் பிளாவில் வாங்கி உறிஞ்சிய ருசி அவள் நாக்கில் இருந்தது. அவளுக்குப் பிளா என்றால் அதுதான்.

வந்தவர்கள் கதிரைகளில் இருந்தார்கள். முதல் பிளாவை அம்பலவாணரிடம் இரண்டு கையாலும் நீட்டினாள். அவர் கை வரவில்லை. கண்ணாடி அலுமாரிக்குள் மினுங்கிய வெண்கலப் பேணிகளைப் பார்த்தார்.

"உங்கட ஐயாவும் எனக்கு இதிலதான் ஊத்தினவர், தங்கச்சி. கிணத்தடியில வைச்சு. தன்ர பேணியில என்ர வாய் படக்கூடாதெண்டு."

"ஐயோ அண்ணை, எல்லாருக்கும் இதுதான். எனக்கும் இதுதான். பிளாஸ்ரிக் வேண்டாமெண்டு..."

"நீங்கள் இதில குடிச்சால் ஆசைக்கு. நான் குடிச்சால் வேற."

சத்தம் போடாமல் எழும்பினார். முப்பது பேரும் எழும்பினார்கள். ஒரு பிள்ளை மட்டும் தாகத்தில் பிளாவைத் தூக்கியது. தாய் பறித்து நிலத்தில் ஊற்றினாள்.

சசிகரன் படலையடியில் நின்றான். "மாமி, நீங்கள் ஒருக்கா வீட்டுக்கு வந்து அப்பாவோட கதையுங்கோ. தெரியாமல் செய்ததெண்டு உங்கட வாயால சொல்லுங்கோ. அவர் கேப்பார்."

"இப்பவே வாறன் தம்பி."

சேலையை மாற்ற உள்ளே திரும்பினாள். அதற்குள் புருசனின் தமக்கை அன்னபூரணம் படலையைத் தள்ளிக்கொண்டு வந்தாள். நாலு மாதமாக இந்த வாசலை மிதிக்காதவள். சசிகரனைத் தாண்டி நேரே விறாந்தையில் ஏறி, ஓலைத் தட்டு ஒன்றை இழுத்துச் சோற்றைப் போட்டுக்கொண்டாள்.

"உம்மைப் பைத்தியமெண்டெல்லோ நினைச்சனான். ஒரு சொல்லுச் சொல்லாமல் அவையளுக்கு அவையளின்ர இடத்தைக் காட்டிப்போட்டீர். எங்கட மாமாவின்ர மகளெண்டால் இதுதான்."

"இல்லை மச்சாள், நான் மாடுகளுக்காக..."

"ஓம், ஓம். கேக்கிற ஆக்களுக்கு அப்பிடியே சொல்லும். நல்ல சாட்டு."

கம்சிகா அறைவாசலில் நின்றாள். தாயின் முகத்தையே பார்த்தாள்.

"வேணுமெண்டுதான் செய்தனீங்களோ அம்மா?"

பிரியவதனி மகளை நோக்கி ஓரடி வைத்தாள். அன்னபூரணம் வாய்ச்சோற்றை விழுங்கிவிட்டு, "ஓம் பிள்ளை, உன்ர நன்மைக்குத்தான்" என்றாள்.

படலை சாத்துகிற சத்தம் கேட்டது. கல்வேலிக்கு மேலால் சசிகரனின் தலை கொஞ்சத் தூரம் தெரிந்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.