அண்ணியின் ஒரு நாள் கட்டணம்

எங்கள் குடியிருப்பில் என் அண்ணியை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'ரீஸ்டார்ட் அக்கா' என்றால்தான் தெரியும். பிரிண்டர் காகிதத்தைத் தின்றுவிட்டது, வைஃபை வரவில்லை, திரை நீலமாகிவிட்டது என்று யார் வந்து நின்றாலும் அவருடைய முதல் கேள்வி, "ஒரு தடவ அணைச்சுட்டு போட்டுப் பாத்தீங்களா?" என்பதுதான். பாதிப் பேர் அசடு வழியத் திரும்பிப் போய்விடுவார்கள். மீதிப் பேருக்காக அடுப்பைச் சிறிதாக்கி வைத்துவிட்டு அண்ணி படியிறங்குவார். என்ன கொடுத்தார்கள் என்று அண்ணன் கேட்டால், "தேங்க்ஸ் சொன்னாங்க" என்பார். அதைக் குழம்பில் போட முடியுமா என்று அண்ணன் கேட்பான்.

பல வருடங்கள் ஒரு பெரிய நிறுவனத்தின் கணினி உதவிப் பிரிவில் இருந்தவர். போனில் வரும் குரலை வைத்தே, எதிரில் இருப்பவர் எதையோ அமுக்கிவிட்டுப் பயந்துபோயிருக்கிறாரா, அமுக்கவே பயப்படுகிறாரா என்று கண்டுபிடித்துவிடுவார். அந்தப் பிரிவையே ஒருநாள் மூடிவிட்டார்கள். அதன்பிறகு இன்னொரு நிறுவனம் இரவு வேலைக்குக் கூப்பிட்டது. மாலையில் வண்டி வந்து ஏற்றிக்கொள்ளும். மகள் பள்ளிக்குக் கிளம்பிய பிறகு கொண்டுவந்து விடும். அண்ணியின் காது மடலைப் பிடித்துக்கொண்டால்தான் அந்தக் குழந்தைக்குத் தூக்கம் வரும். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றார்கள்.

அந்த வாரத்தில்தான் ஒரு பல் மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. வாரம் இரண்டு நாள் வந்து கணினிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவை. முதலில் ஒரு நாள் வந்து பாருங்கள், பிறகு நாளுக்கு எவ்வளவு என்று சொல்லுங்கள் என்றார் அதன் மேலாளர் அம்மா. அண்ணனும் அண்ணியும் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். வேலை கிடைக்காத நாட்கள், போக்குவரத்து, வீட்டுக்கு வந்த பிறகும் விடாத போன்கள், எல்லாவற்றையும் சேர்த்து ஒரு தொகை வந்தது. அது கிடைத்தால் இரவு வேலை தேவையில்லை.

மருத்துவமனையில் எக்ஸ்ரே படம் திரையில் வருவதற்குள் நாற்காலியில் இருப்பவருக்கு வாய் வலித்துவிடுமாம். அண்ணி போன அன்று மதியத்துக்குள் அது சரியாகிவிட்டது. மிச்ச நேரம் சும்மா உட்கார மனசு கேட்கவில்லை. வரவேற்பு மேஜைக்கு அடியில் புகுந்து, வாராத தலைபோல் கிடந்த ஒயர்களைப் பிரித்துக் கட்டினார். அடையாளம் வைக்கக் கைப்பையில் வேறு எதுவும் இல்லாததால் மகளின் பழ ஸ்டிக்கர்களை ஒயர்களில் ஒட்டினார். கிளம்பும்போது மேலாளர் அம்மா கட்டணத்தைக் கேட்டார். வேலைதான் மதியமே முடிந்துவிட்டதே என்று தோன்ற, அண்ணி போட்ட கணக்கில் பாதியைச் சொல்லிவிட்டார்.

"யோசிக்கக்கூட இல்ல. நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள சரின்னுட்டாங்க," என்றார் வீட்டுக்கு வந்து.

நல்லதுதானே என்றான் அண்ணன். அண்ணி அவனைப் பார்த்த பார்வையில், காயப்போட்ட துணியை எடுக்க வேண்டும் என்பது அவனுக்கு உடனே ஞாபகம் வந்துவிட்டது.

அந்தத் தொகைக்கு வாரம் இரண்டு நாள் போவதும் போகாமலிருப்பதும் ஒன்றுதான். இரவு வேலைக்காரர்களுக்குச் 'சம்மதம்' என்று எழுத மனத்தளவில் தயாராகிவிட்டார். அன்று குழந்தை தூங்கிய பிறகும் அதன் விரல்களைக் காதிலிருந்து விலக்காமல் படுத்திருந்தார்.

இரண்டு நாள் கழித்து நானும் அண்ணியும் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது மருத்துவமனை வரவேற்பில் இருக்கும் பெண் போன் செய்தாள். திரை இருட்டாகிவிட்டதாம், வெளியே ஆட்கள் காத்திருக்கிறார்களாம்.

"மேஜைக்கு கீழ குனிஞ்சு பாருங்க. திராட்சை மாட்டியிருக்கா?" என்றார் அண்ணி, கத்தரிக்காயைக் கீழே வைக்காமலே.

"திராட்சை தொங்குதுக்கா."

"மாட்டுங்க."

அவ்வளவுதான். அந்தப் பெண் சிரித்தாள். முன்பெல்லாம் இப்படி ஆனால் யாராவது வரும்வரை எல்லோரையும் உட்கார வைப்போம் என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

நான் சொன்னேன், "அண்ணி, அன்னிக்கு பாதி நாள்தான் வேலைன்னு சொன்னீங்க. மத்தியானத்துக்கு மேல ஒயரெல்லாம் கட்டினீங்களே, இப்ப வேலை செஞ்சது அந்த மீதி பாதிதான்."

அண்ணி நறுக்குவதை நிறுத்தினார். பிறகு, சரியான தொகையைத் திரும்பச் சொல்லிப் பார்க்கப் போவதாகச் சொன்னார்.

ஒத்திகை பார்த்தோம். நான் மேலாளர் அம்மா. அண்ணிக்குத் தொகை சரியாகத்தான் வாயில் வந்தது. அதன் வாலாக, "கஷ்டமா இருந்தா கொஞ்சம் பாத்து குடுங்க" என்பதும் கூடவே வந்தது. மறுபடியும் சொல்லச் சொன்னேன். மறுபடியும் வால். அண்ணன் வாசற்படியில் நின்று, "நம்ம வீட்டு மியூட் பட்டன்கிட்ட ட்யூஷன் போ" என்று என்னைக் காட்டினான். பேசாமலிருப்பதில் இந்த வீட்டில் எனக்குப் போட்டி கிடையாது. ஆனால் அதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது? எதிராளி பதில் சொல்லாத அந்த இடைவெளிதான் அண்ணிக்குத் தாங்கவில்லை.

அப்போது அண்ணியே மற்றவர்களிடம் சொல்வது எனக்கு ஞாபகம் வந்தது. திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்தால் எல்லோரும் பதறிப்போய்ப் பட்டன்களைத் தட்டுவார்கள்; அதனாலேயே அது உறைந்து நின்றுவிடும்.

"அவங்க பேசலன்னா வட்டம் சுத்துதுன்னு நெனச்சுக்கோங்க அண்ணி. நீங்கதானே சொல்வீங்க, அது யோசிக்குது, எதையும் அமுக்காதீங்கன்னு."

அண்ணி போனை எடுத்து, மேலாளர் அம்மாவை அழைத்து, ஒலிபெருக்கியில் போட்டு, மேஜைமேல் வைத்தார்.

அன்றைக்குத் தவறாகச் சொல்லிவிட்டேன், பாதி நாளைத்தான் கணக்கில் எடுத்தேன் என்றார். தொகையைச் சொன்னார். அங்கே சத்தமில்லை. யாரோ தூரத்தில் இருமினார்கள். அண்ணியின் உதடு பிரிந்தது. நான் விரலை வட்டமாகச் சுற்றிக் காட்டினேன். அவர் உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டார். அவர் கை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது, வளையல் அழுந்தி வலித்தது, நான் அசையவில்லை.

"ம்..." என்றது போன். "அதான் அன்னிக்கே யோசிச்சேன், இவ்வளவு கம்மியா சொல்றாங்களே, பாதியில விட்டுட்டுப் போயிடுவாங்களோன்னு. சரி, வாங்க. மாடியிலயும் ஒயரெல்லாம் அப்படியேதான் கெடக்கு. ஸ்டிக்கர் நெறைய எடுத்துட்டு வாங்க."

போனை வைத்த பிறகும் அண்ணி என் கையை விடவில்லை. பிறகு புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இரவு வேலைக்காரர்களுக்குப் பதில் எழுத உட்கார்ந்தார். மன்னிக்கவும், இப்போது வர இயலாது என்று ஒரே வரி. அவர் விரல் அனுப்பும் பொத்தானுக்கு மேலே வந்து நின்றது.

"இத அமுக்கலாம் இல்ல?" என்று கேட்டார்.

நான் தலையாட்டினேன்.