ரெண்டாயிரம் மாடிக்காரர்

எட்டு, ஒன்பது, பத்து. மாடிகளை வாய்க்குள் எண்ணிக்கொண்டே ஏறி வந்தவர், பத்தாவது மாடிச் சுவரை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு அப்படியே திரும்பி இறங்குகிறார். முதுகுப் பையில் பழைய மோட்டார் ஒன்றின் இரும்பு மூடி. துண்டில் சுற்றித்தான் வைத்திருக்கிறார், ஆனாலும் படிக்கொரு தரம் 'டங்' என்கிறது. மேலே எண்ணெய்க்கறை படிந்த காக்கிச் சட்டை, காலில் பளபளக்கும் புது மலையேற்ற பூட்ஸ். ஒரு நாளைக்கு ஆறு தடவை இப்படி. வயது ஐம்பத்திரண்டு. வேலை, இதே கட்டடத்தில் லிஃப்ட் மெக்கானிக்.

வம்பு அங்கேதான் ஆரம்பித்தது. லிஃப்ட்டைப் பார்த்துக்கொள்கிற ஆளே படியில் நடந்தால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள்? மூன்றாம் மாடி வக்கீல் முதலில் படிக்கு மாறினார். அவரைப் பார்த்து ஐந்தாம் மாடிப் பல் டாக்டர் மாறினார். ஒரே வாரத்தில் கட்டடமே மூச்சு வாங்கியது.

"உண்மையச் சொல்லுங்கண்ணே, கயிறு கியிறு பிஞ்சிருக்கா?" என்று பெருக்குகிற அம்மா அவரைப் படியிலேயே மடக்கினார்.

"யானையையே ஏத்தலாம்மா. அவ்வளவு நல்லா இருக்கு."

"அப்ப நீங்க ஏன் ஏற மாட்டேங்கறீங்க?"

"நான் மலைக்குப் போறேன்."

"மலையா? அது எத்தனாவது மாடி?"

அவர் அதைக் கிண்டலாகவே எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு நொடி கணக்குப் போட்டு, "ரெண்டாயிரத்துச் சொச்சம்" என்றார்.

மேனேஜர் ஒரு போர்டு எழுதி மாட்டினார்: 'லிஃப்ட் நல்ல நிலையில் உள்ளது. மெக்கானிக் நடப்பது அவருடைய சொந்த விருப்பம்.' அதைப் படித்ததும், அதுவரை லிஃப்ட்டை நம்பிக்கொண்டிருந்த மிச்ச நாலு பேரும் படிக்கு வந்துவிட்டார்கள்.

மலை வெளிநாட்டில் இருக்கிறது. ஆறாயிரத்து இருநூறு மீட்டர். இரண்டு வழிகாட்டிகள், பதினோரு பேர் கொண்ட குழு. அதில் பதினோராவது ஆளாக இவர் பதிந்திருக்கிறார். எடுக்காமல் சேர்ந்துபோன விடுப்பெல்லாம் இதற்குத்தான். "முப்பது வருஷமா ஊர் ஜனத்தையெல்லாம் மேல ஏத்தி விட்டேன் தம்பி. நான் போன உயரம் மொட்டை மாடி மோட்டார் ரூம்தான்" என்பார். விமானம் ஏற பயமில்லையா என்று கேட்டால், "அது பெரிய லிஃப்ட்டு. கயிறு மட்டும் கிடையாது" என்பார்.

அந்தக் குழுவில் சேர்வதற்கான படிவத்தை நிரப்பிக் கொடுத்தது, அவருக்கு உதவியாளாக இருக்கும் நான். எங்கள் குடும்பத்தில் படிவம் நிரப்பத் தெரிந்த முதல் ஆள் நான்தான், அதனால் யார் கையில் படிவத்தைப் பார்த்தாலும் பேனா தானாக வெளியே வந்துவிடும். பதினாறு பக்கத்தையும் ஒரே மூச்சில் முடித்தேன். கடைசிப் பக்கத்தில்தான் மாட்டிக்கொண்டோம். 'வழிகாட்டி திரும்பச் சொன்னால், உச்சி கண்ணெதிரே தெரிந்தாலும் திரும்புவேன்' என்று அவர் கையெழுத்திட வேண்டும். 'இவர் அப்படித் திரும்பக்கூடியவர்தான்' என்று வீட்டில் ஒருவர் சாட்சிக் கையெழுத்து போட வேண்டும். வெள்ளிக்கிழமை இரவுக்குள் அதை ஸ்கேன் செய்து அனுப்பாவிட்டால் இடம் வேறு ஒருவருக்கு.

அவர் மனைவி பஸ் கண்டக்டர். பேனாவைத் தொடவே இல்லை.

"பொய்க் கையெழுத்து நான் போட மாட்டேன் தம்பி. நான் ஒரு விசில் அடிச்சா அவ்வளவு பெரிய பஸ்சே நிக்குது, ரெண்டு அடிச்சாதான் கிளம்புது. இந்த மனுசன் எதுக்கு நின்னிருக்காரு? கல்யாணமான புதுசுல சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போனாரு. தியேட்டர் கதவு கிரீச்சுன்னுச்சு. எந்திரிச்சுப் போனவரு, அதச் சரி பண்ணிட்டு வந்து உக்காந்தப்ப ஜனமெல்லாம் வெளிய போய்க்கிட்டிருக்கு."

"கதவு இன்னிக்கு வரைக்கும் சத்தம் போடல" என்றார் இவர், பெருமையாக.

"கேட்டீங்களா? இங்க கதவ விட முடியாதவரு அங்க மலைய விட்டுட்டு வருவாராக்கும்." பிறகு நிபந்தனை போட்டார். "வெள்ளிக்குள்ள ஒரே ஒரு நாள், கையில வேலை பாதியில இருக்கறப்ப, அஞ்சு மணிக்கு அப்படியே போட்டுட்டு இறங்கி வரட்டும். நான் போடறேன்."

இவர் பராமரிக்கிற லிஃப்ட் அவ்வளவு சீக்கிரம் பழுதாகுமா? திங்கள் முதல் வியாழன் வரை வெண்ணெயாக ஓடியது. நீங்களே ஒரு திருகைத் தளர்த்திவிடுங்கள் என்று யோசனை சொன்னேன். பிள்ளையின் காலை உடைக்கச் சொன்னதுபோல் என்னைப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு ஏழாவது மாடியில் லிஃப்ட் கதவு பாதி திறந்தபடி நின்றுவிட்டது. நல்ல வேளை, உள்ளே யாருமில்லை. அவர் முகத்தில் நான் அதுவரை பார்க்காத மகிழ்ச்சி. பையை இறக்கினார், கரண்ட்டை நிறுத்தினார், கதவுக்கு மேலே இருந்த பெட்டியின் மூடியைக் கழற்றினார். நான் டார்ச் பிடித்தேன். அரை மணி நேரத்தில் நிபந்தனை, மலை, படிவம் எல்லாம் அவருக்கு மறந்துபோனது.

"அண்ணே, மணி அஞ்சாகப் போகுது."

"பிடிச்சுட்டேன் தம்பி! ஒரே ஒரு ஸ்க்ரூ. அதுதான் லூசு. பத்து நிமிஷம். லைட்ட ஆட்டாத."

அப்போது படிக்கட்டு வழியாகக் கீழேயிருந்து நீளமாக ஒரு விசில் ஏறி வந்தது. ஒன்றே ஒன்று.

ஸ்க்ரூடிரைவர் நின்றது. அவர் அந்தத் திருகைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திரும்பவும் திருகைப் பார்த்தார். "பத்தே நிமிஷம்தான்" என்று யாரிடமோ கெஞ்சுவதுபோல் சொன்னார். நான் டார்ச்சை அணைத்துவிட்டேன்.

கழற்றிய மூடியை மாட்டினார். 'பழுது' போர்டைத் தொங்கவிட்டார். முப்பது வருடத்தில் அந்த போர்டை மாட்டிவிட்டு அவர் வீட்டுக்குப் போனதே இல்லையாம். "நாளைக்குக் காலையில பாக்கலாம்" என்று அவர் வாயாலேயே சொன்னதைக் கேட்டு, படியில் இறங்கிக்கொண்டிருந்த மேனேஜர் ஒரு படியைத் தவறவிடப் பார்த்தார்.

ஆறு, ஐந்து, நாலு. இந்த முறை மூச்சு வாங்கியது. ஏறும்போதுகூட அப்படி வாங்கியதில்லை. மூன்றாவது மாடியில் ஒருமுறை நின்று மேலே அண்ணாந்து பார்த்தார். நான் பின்னால் வழியை அடைத்துக்கொண்டு நின்றேன்.

கீழே அவர் மனைவி டிக்கெட் பையோடு, யூனிஃபார்மில் நின்றிருந்தார். இவர் கடைசிப் படியில் தொப்பென்று உட்கார்ந்தார். வலது கையின் இரண்டு விரல்கள் மட்டும், இல்லாத ஒரு திருகை மெல்ல முடுக்கிக்கொண்டே இருந்தன.

அவர் மனைவி அந்த விரல்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குனிந்து, கணவரின் சட்டைப் பையிலிருந்த ஸ்க்ரூடிரைவரை உருவித் தன் டிக்கெட் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார். என்னிடம் கை நீட்டினார். பேனாவைக் கொடுத்தேன். படிவத்தைச் சுவரில் வைத்து, நிறுத்தி நிதானமாகக் கையெழுத்து போட்டார். மை காயும் வரை ஊதினார்.

அப்புறம், கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து வாயில் வைத்து, அந்தக் கட்டடமே திரும்பிப் பார்க்க, ரெண்டு தரம் அடித்தார்.