நடு எண்

என் மேசைக் கம்ப்யூட்டர் திரையின் வலது மூலையில் ஒரு மஞ்சள் சீட்டு இருக்கிறது. காகிதச் சீட்டு இல்லை. கம்ப்யூட்டரோடு சும்மா வருகிற ஸ்டிக்கி நோட்ஸ். நேற்று வரை அதில் ஒரே வரி: "நடு எண் அறுபதுக்குள்ளே இருக்கணும்." எங்கள் வள்ளக்காரர், அதாவது மீன்பிடிப் படகுக்காரர் சங்கத்து ஆபீஸுக்கு வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு, என்னமோ அரசாங்க விதி என்று நினைத்துக்கொள்வார்கள். இதற்குள் இரண்டு கம்ப்யூட்டர் மாறிவிட்டது. இரண்டு தடவையும் அந்த வரியை நானே புதியதில் அடித்து அதே மூலையில் ஒட்டினேன். ஆனால் அதை முதலில் எழுதியவள் நானில்லை. என் மைனி, அதாவது என் அண்ணன் மனைவி.

போன வாரம் மூன்றாவது கம்ப்யூட்டர் வந்தது. பழையதிலிருந்து எல்லாவற்றையும் மாற்றிக்கொடுக்க வந்தவர், "இது வேணுமாக்கா, அழிச்சிரவா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். கையை எடுங்க என்று நான் போட்ட சத்தத்தில் மனிதர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். பிறகு டீ வாங்கிக் கொடுத்துச் சமாதானம் சொன்னேன். என் கோபம் அப்படித்தான், முன்னால் வந்து நின்றுவிட்டுப் பின்னால் வெட்கப்படும். ஆனால் அன்றைக்கு வந்தது கோபமில்லை, பயம். அந்தச் சீட்டைப் பற்றி யாரிடமும் சொல்லாத ஒன்று என்னிடம் பல வருஷமாகக் கிடக்கிறது.

மைனிக்கு அந்த ஆபீஸில் வேலை வாங்கிக் கொடுத்ததே நான்தான். அதுவும் அண்ணன் நச்சரித்ததால். எனக்கும் மைனிக்கும் ஒரே வயது. அப்போது நான் புருஷன் வீட்டை விட்டு, கைப்பிள்ளையோடு பிறந்த வீட்டுக்கு வந்திருந்தேன். என் மகளுக்குப் பால் வாங்குவதும் என் ஆபீஸ் சம்பளத்தில்தான். லைசென்ஸ், டீசல் மானியம், வள்ளத்துப் பதிவு என்று தாள் வேலை எல்லாம் என்னுடையது. கடலில் இருக்கிற வள்ளங்கள் எங்கே நிற்கின்றன என்று போனில் கேட்டுக் குறித்துவைப்பது மைனியுடைய வேலை.

சங்கத்துச் செக்ரட்டரி அண்ணாச்சி கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டதோடு சரி, அதற்கு மேல் ஒரு சாஃப்ட்வேரும் வாங்கித் தரமாட்டார். மைனி அதற்காக முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. பெட்டியோடு வந்ததை எல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்து, உள்ளே என்ன இருக்கிறது என்று நோண்டிக்கொண்டே இருப்பாள். நோட்பேடில் முதல் வரியாகப் புள்ளி வைத்து, பெரிய எழுத்தில் லாக் என்று இங்கிலீஷில் அடித்துச் சேமித்துவைத்தால், அந்தப் பக்கத்தைத் திறக்கிற ஒவ்வொரு தடவையும் அது தானாகவே மணியும் தேதியும் போட்டுக்கொள்ளும் என்று கண்டுபிடித்தது அவள்தான். அந்தப் பக்கத்தில்தான் வள்ளங்களின் இடங்களைக் குறித்தாள். கண் மங்கிய வள்ளக்காரர்களுக்குத் திரையைப் பெரிதாக்கிக் காட்டுவாள். வரைபடத்தில் வேண்டிய துண்டை மட்டும் வெட்டியெடுத்து, பெயிண்டில் சிவப்புக் கோடு போட்டுக் கொடுப்பாள். "மணி போடாத சேதி சேதியே இல்ல" என்பது அவள் பேச்சு. நாளைக்குப் பத்துத் தடவை சொல்வாள்.

உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு அது பிடிக்கவில்லை. வருகிற ஆளெல்லாம் அவள் மேசைக்கு நேரே போனார்கள். ஆறு வருஷமாக நான் மாங்கு மாங்கென்று உழைத்த ஆபீஸில், நேற்று வந்தவளுக்கு நல்ல பெயர். வயிறு எரிந்தது. ஒருநாள் சாயங்காலம், யாரோ ஒருவருடைய லைசென்ஸ் விண்ணப்பம் திரையில் கண்ணில் படவில்லை என்கிற சாக்கில் பிடித்துக்கொண்டேன். சும்மா வந்ததை எல்லாம் நோண்டி நோண்டித் திரையையே குப்பையாக்கிவிட்டீங்க என்று, பேசக்கூடாத பேச்சு நிறையப் பேசினேன். அவள் பையை எடுத்துக்கொண்டு போனாள். அவள் படி இறங்குவதற்குள், பதினெட்டு மாதமாக எழுதி வைத்திருந்த அந்த நோட்பேடு பக்கத்தை ஒரே அமுக்கில் அழித்தேன். அப்போது மனசு குளிர்ந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

மறுநாள் காலையில் மைனி வேலைக்கு வரவில்லை. மாப்பிள்ளையூரணியில் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டதாக என் அம்மா சொன்னாள். அண்ணன் அதற்கு முந்தின நாளே சூரை மீனுக்கு வள்ளத்தில் போயிருந்தான். அவனோடு இன்னும் மூன்று பேர். கச்சான் காற்று, மேற்கிலிருந்து கடலைப் பார்த்து அடித்துக்கொண்டிருந்தது. பத்தேகாலுக்கு ஆபீஸ் போன் அடித்தது. வேறொரு வள்ளத்துக்காரர். எட்டு மணிக்கு வயர்லெஸில் அண்ணன் குரல் கேட்டதாம். என்ஜின் நின்றுவிட்டது, வள்ளத்தின் முன்புறம் விரிசல் விட்டுத் தண்ணீர் ஏறுகிறது, இறைத்துக்கொண்டிருக்கிறோம் என்று சொல்லி, ஜிபிஎஸ் எண்ணையும் சொன்னானாம். போனுக்குச் சிக்னல் கிடைக்கிற இடத்துக்கு அவர் ஓடிவர இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது.

"எட்டு, முப்பத்தொண்ணு எம்பது. எழுவத்தெட்டு, அம்பத்தினாலு அறுவது. எழுதிக்கிட்டியாம்மா?" என்றார்.

எழுதிக்கொண்டேன். கடலில் இருக்கிறவர்கள் எண்ணை அப்படித்தான் சொல்வார்கள், இது பாகை என்கிற டிகிரி, இது அதற்குள் வருகிற கலை என்று யாரும் பிரித்துச் சொல்வதில்லை. அவர்களுக்குத் தெரியும், மைனியும் கேட்டதைக் கேட்டபடியே குறித்துவைப்பாளே தவிர, அந்த எண்ணை வரைபடத்தில் போட்டுப் பார்க்க அதுவரை தேவை வந்ததில்லை. எனக்கோ எண் கேட்டு எழுதுவதே புதுசு. நான் எட்டுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்து, மிச்சத்தைச் சேர்த்து எழுதி, வரைபடத்தில் போட்டேன். கடல் நடுவில் சிவப்புப் புள்ளி அழகாக விழுந்தது. எண்ணை அனுப்பாமல் அந்தப் புள்ளியையே கடலோரக் காவல்படை மீட்புக்காரர்களுக்கு அனுப்பினேன். நானும் கம்ப்யூட்டர் தெரிந்தவள்தான் என்று காட்ட எனக்கு அந்த நேரத்திலும் ஓர் ஆசை இருந்திருக்கிறது, பாருங்கள். அப்போது மணி பத்து இருபத்தைந்து. செக்ரட்டரி அண்ணாச்சி கீழவைப்பாருக்குப் போயிருந்தார். மைனிக்குச் சொல்ல வேண்டும் என்று போனைக் கையில் எடுத்தேன். முந்தின நாள் சண்டை நினைவுக்கு வந்தது. கீழே வைத்துவிட்டேன்.

பன்னிரண்டு மணிக்கு மீட்புக் கப்பலிலிருந்து தகவல் வந்தது. சொன்ன இடத்துக்கு வந்துவிட்டார்களாம், அங்கே ஒன்றுமே இல்லையாம். சுற்றித் தேடுகிறோம் என்றார்கள். ஒன்றுமே இல்லை என்றால் என்ன அர்த்தம் என்று ஒரு கடற்கரைக்காரிக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மாதாவே, மாதாவே என்று வாய் சொன்னதே தவிர, ஒரு மங்கள வார்த்தை செபத்தைக்கூட முழுசாகச் சொல்லி முடிக்க முடியவில்லை.

பன்னிரண்டரைக்கு மைனி ஆட்டோவில் வந்து இறங்கினாள். ஊரில் யாரோ சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஏன் சொல்லவில்லை என்று என்னைக் கேட்கவில்லை. நேரே திரைக்கு முன்னால் வந்து நின்று அந்தச் சிவப்புப் புள்ளியைப் பார்த்தாள்.

"ஏளா, இது திருச்செந்தூருக்குத் தெக்கல்லா கெடக்கு. அவுக நேர் கிழக்க நாலு மணி நேரம் ஓடித்தான் வலை போடுவாவ. கச்சான் தள்ளுத வள்ளம் இங்கன எப்படி வரும்?"

பழைய இடங்களைப் பார்க்க வேண்டும், அந்தப் பக்கம் எங்கே என்று கேட்டாள். நான் சொல்லித்தான் ஆக வேண்டும். நேத்து அழிச்சுட்டேன் மைனி என்றேன். அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் குப்பைத்தொட்டிப் படத்தைத் திறந்து, உள்ளே கிடந்த பக்கத்தை மீட்டெடுத்தாள். தொட்டியைக் காலி செய்ய எனக்கு அன்றைக்குத் தெரிந்திருக்கவில்லை. தெரிந்திருந்தால் அதையும் செய்திருப்பேன்.

பதினெட்டு மாதத்து வரிகள், ஒவ்வொன்றுக்கும் மேலே மணி. விரலைத் திரையில் வைத்து மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டே போனாள். அங்கே தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது, இவள் இங்கே உட்கார்ந்து பழைய வரிகளைப் படிக்கிறாளே என்று கத்தவேண்டும்போல இருந்தது. திடீரென்று விரல் நின்றது.

"கடைசி எண் தொண்ணூத்தொம்பது வரைக்கும் போகுது. நடு எண்ணு மட்டும் ஒரு தடவைகூட அறுவதைத் தாண்டல. கடிகாரம் மாதிரி இருக்குளா. இது புள்ளிக்குப் பொறவு வருத எண்ணு இல்ல, நிமிஷம். ஒரு டிகிரிக்கு அறுவது நிமிஷம்."

கால்குலேட்டரைத் திறந்தாள். முதலில் அண்ணன் வழக்கமாக வலை போடுகிற இடத்தின் எண்ணை எடுத்து, நடு எண்ணுக்குப் பிறகு புள்ளி வைத்துக் கடைசி எண்ணை எழுதி, அதை அறுபதால் வகுத்து, வரைபடத்தில் போட்டுப் பார்த்தாள். புள்ளி துறைமுகத்துக்கு நேர் கிழக்கே, நாலு மணி நேர ஓட்டத்தில் விழுந்தது. அவள் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அடுத்து காலையில் வந்த எண். முப்பத்தொன்று புள்ளி எட்டை அறுபதால் வகுத்தால் புள்ளி ஐந்து மூன்று. ஐம்பத்துநாலு புள்ளி ஆறை வகுத்தால் புள்ளி ஒன்பது ஒன்று. நான் அனுப்பிய இடத்திலிருந்து இருபத்தைந்து கடல் மைல் தள்ளி, இலங்கை எல்லைக்குப் பத்து மைல்கூட இல்லாத இடத்தில் புதுப் புள்ளி விழுந்தது. அதுவும் எட்டு மணிக்கு நின்ற இடம், அதற்குப் பிறகு காற்று இன்னும் கிழக்கே தள்ளியிருக்கும். வரைபடத்தை அப்படியே வெட்டியெடுத்து, பெயிண்டில் கிழக்கே பார்த்து ஓர் அம்புக்குறி போட்டு, பக்கத்தில் "காலை 8 மணிக்கு இங்கே, கச்சான்" என்று எழுதி அனுப்பினாள். போனிலும் எண்ணை நிறுத்தி நிறுத்தி, இத்தனை பாகை, இத்தனை கலை, அதாவது நிமிஷம் என்று பிரித்துச் சொன்னாள். போனை வைத்த பிறகுதான் மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அடுத்த இரண்டு மணி நேரத்தை நான் எப்படிச் சொல்ல? அவள் செபமாலையை உருட்டவில்லை, அழவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் காலடியில் தரையில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு நாற்பதுக்குப் போன் வந்தது. நாலு பேரும் உயிரோடு இருக்கிறார்கள். எல்லைக்கு ஒன்றரை மைல் இந்தப் பக்கம். வள்ளத்தில் பாதிக்கு மேல் தண்ணீர்.

மூன்று மணிக்கு அண்ணாச்சி வந்தார். வழியெல்லாம் போனில் எல்லாம் கேட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறார். சந்தோஷத்தைவிட அவருக்குக் கோபம்தான் அதிகம் இருந்தது. நாலு உயிர் போயிருக்குமே, மொதல்ல அனுப்பினது யாரு என்று நடு ஆபீஸில் நின்று கேட்டார். நான் எழுந்தேன். வாயைத் திறந்தேன் என்றுதான் நினைவு.

"நாந்தான் அண்ணாச்சி," என்றாள் மைனி. "அவசரத்துல மாத்திப் போட்டுட்டேன்."

பத்து இருபத்தைந்துக்கு அவள் ஆபீஸிலேயே இல்லை. மணியைப் பார்த்திருந்தால் யாருக்கும் விளங்கியிருக்கும், யாரும் பார்க்கவில்லை. ஒரு வாரத்தில் அவளை வேலையை விட்டு நிறுத்திவிட்டு, அந்த நாற்காலியில் என்னை உட்காரவைத்தார்கள். போகிற அன்றைக்கு அவள் அந்த மஞ்சள் சீட்டை எழுதி மூலையில் ஒட்டிவிட்டு, இதை மட்டும் மறக்காத என்று சொல்லிவிட்டுப் போனாள். மாப்பிள்ளையூரணியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் பாதிச் சம்பளத்துக்குச் சேர்ந்தாள். ஏன் அப்படிச் சொன்னீங்க என்று நான் கேட்டதே இல்லை. என் வேலை போனால் என் மகளுக்குப் பாலில்லை என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தெரியவில்லை.

அண்ணனும் அதை நம்பிவிட்டான். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சாப்பாட்டுப் பந்தியில் அதைச் சொல்லிச் சிரிப்பான். "இவ கணக்கை நம்பியிருந்தா நான் அன்னைக்கே கொழும்புக்குப் போய்ச் சேந்திருப்பேன்" என்பான். எல்லாரும் சிரிப்பார்கள். மைனியும் இலையைப் பார்த்துக்கொண்டே சிரிப்பாள். நானும் சிரித்திருக்கிறேன். இத்தனை வருஷமும் சிரித்திருக்கிறேன்.

என் மகள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். இன்று காலை புதுக் கம்ப்யூட்டரில் மைனியின் வரியை மறுபடி அடித்து ஒட்டினேன். கை அங்கேயே நின்றது. அதன் கீழே இரண்டாவது வரியாக, "அன்னைக்கு மொதல்ல தப்பா அனுப்பினது மைனி இல்ல, நான்" என்று அடித்தேன். மைனி செய்ததுபோலத் திரையில் அந்தத் துண்டை மட்டும் வெட்டியெடுத்து, எங்கள் குடும்பத்து வாட்ஸப் குரூப்பில் போட்டேன். போட்டபின் அழித்துவிடலாமா என்று இரண்டு தடவை விரல் போனது. அண்ணன் பார்த்துவிட்டான் என்று தெரிந்தது. எழுதுகிறான் என்று காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது, நின்றது. அவனுக்கு முன்னால் மைனியிடமிருந்து வந்துவிட்டது.

"மணி போடலியே ஏளா."

கண்ணைத் துடைத்துக்கொண்டு சீட்டுக்குத் திரும்பினேன். கீழே "காலை 10.25" என்று அடித்து, மறுபடி வெட்டி அனுப்பினேன். அண்ணன் இன்னும் பதில் போடவில்லை. சீட்டு அதே மூலையில்தான் இருக்கிறது, இப்போது மூன்று வரியாக.