என் காய்ச்சலில் கறுத்த தண்ணீர்

அந்த ஐப்பசியில் எனக்கு வந்த காய்ச்சல் ஒன்பது நாள் இருந்ததாக அம்மா சொல்வாள். எனக்கென்னவோ அது ஒரே நீண்ட மத்தியானமாகத்தான் நினைவிருக்கிறது. குன்னத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வீட்டைச் சுற்றி மக்காச்சோளக் கொல்லை. ஓட்டுக்கூரையில் பதித்த கண்ணாடி வழியே விழும் வெளிச்சம் தரையில் நகர்ந்து என் காலில் ஏறும். கண்ணை மூடித் திறப்பதற்குள் சுவருக்குப் போயிருக்கும். சோளத்தோகைகள் உரசுவது யாரோ என்னைப் பற்றி ரகசியம் பேசுவதுபோல் கேட்கும். வயிற்றுப்போக்கு நின்று காய்ச்சல் மட்டும் மிஞ்சியிருந்தது. எனக்கு எட்டு வயது.

தெருவில் ஐந்தாறு வீடுகளில் இதே சீக்குதான். மழைக்காற்று என்றார்கள், புது அரிசி என்றார்கள். குழாய்த் தண்ணீரை மட்டும் யாரும் சொல்லவில்லை. ஊர்த் தண்ணீர்த்தொட்டியைப் பார்த்துக்கொண்டவர் என் பெரியப்பா. தினமும் காலையில் தொட்டியில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றி, வால்வைத் திறந்துவிட்டு, "தண்ணி வருதா?" என்று வாசல் வாசலாகக் கேட்டுக்கொண்டே போவார். அவர் சட்டையில் எப்போதும் அந்தப் பவுடர் வாசனை இருக்கும். எனக்கு அது பிடிக்கும்.

அம்மா எட்டாவது வரை படித்தவள். மகளிர் குழு சார்பில் பெரம்பலூரில் தண்ணீரைச் சோதிக்கும் பயிற்சிக்குப் போய்வந்திருந்தாள். ஒரு பெட்டி நிறையச் சின்னச் சின்ன பாட்டில்கள் கொடுத்தனுப்பியிருந்தார்கள். உள்ளே ஏதோ மருந்து இருக்கும். தண்ணீரைப் பிடித்து ஒன்றிரண்டு நாள் கதகதப்பில் வைத்தால், கெட்ட கிருமி இருந்தால் கறுத்துவிடும். பீரோமேல் கிடந்த பெட்டியை எனக்குக் காய்ச்சல் வந்த எட்டாம் நாள் இறக்கினாள். எங்கள் குழாயில் ஒரு பாட்டில் பிடித்தாள். விடாத மழையில் வீடே சில்லிட்டிருந்தது. பாட்டிலைத் துண்டில் சுற்றி என் பக்கத்தில் வைத்தாள்.

"இது சூட்டுல இருக்கணுமாம்டி. உங்கிட்டயே இருக்கட்டும். தொறந்துறாத."

நான் அதை அணைத்துக்கொண்டு தூங்கினேன். விழிக்கும்போதெல்லாம் துண்டைப் பிரித்துப் பார்ப்பேன். முதலில் தெளிவாக இருந்தது. பிறகு மாலை வானம்போல் மங்கிற்று. என் உடம்பிலிருந்து காய்ச்சல் சொட்டுச் சொட்டாக அதற்குள் இறங்குவதாகக் கனவு கண்டேன். மறுநாள் பாட்டில் மைபோலக் கறுத்திருந்தது. அன்றுதான் எனக்கு வேர்த்துக் கொட்டி உடம்பும் லேசானது. இரண்டையும் நான் முடிச்சுப் போட்டுவிட்டேன்.

அம்மா பாட்டிலைத் தெருவுக்குக் கொண்டுபோனாள். "தண்ணியில கிருமி இருக்கு. எல்லாரும் காய்ச்சிக் குடிங்க."

பெரியப்பா முகம் சிவந்துவிட்டது. "ஏம்மா, ஒருநாளாச்சும் பவுடர் போடாம வால்வத் தொறந்திருக்கனா?"

அது உண்மை. போர்வையைச் சுற்றிக்கொண்டு நான் வாசலுக்கு வந்தேன்.

"பெரியப்பா ஒண்ணும் பண்ணல. அது என் காய்ச்சல். என் மேல பட்டுத்தான் கறுத்துச்சு."

தெரு சிரித்தது. பெரியப்பா என்னைத் தூக்கிக்கொண்டு, "கேட்டுக்குங்க, கொழந்த சொல்லுது" என்றார். பெண்கள் கலைந்து போனார்கள். அம்மா பாட்டிலோடு அப்படியே நின்றாள். நானோ, இருவரையும் சண்டையிலிருந்து காப்பாற்றிவிட்ட நினைப்பில் பவுடர் வாசனையில் முகம் புதைத்திருந்தேன்.

எங்கள் வீட்டில் மட்டும் தண்ணீர் கொதித்தது. மூன்றாம் நாள் பெரியப்பாவின் சின்ன மகளுக்கு வயிற்றால் போனது. நான்கு வயது. மத்தியானத்துக்குள் கண் குழிந்து, அழுதால் கண்ணீர்கூட வராமல் துவண்டுவிட்டாள். பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்துக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். நான் சொன்ன வார்த்தைக்கும் அவள் துவண்டதற்கும் சம்பந்தம் இருக்கலாம் என்று எனக்கு அன்று தோன்றவே இல்லை. அம்மாவும் அதை இன்றுவரை சொன்னதில்லை.

அன்று அவள் சொன்னது வேறு. "நீ சொன்னது நெசமான்னு பாத்துருவோம் வா."

கேலியாகச் சொல்லவில்லை. பவுடர் போட்ட தண்ணீர் எப்படிக் கறுக்கும் என்று அவளுக்கே சந்தேகம் வந்திருந்தது. ஐந்து பாட்டில்கள் எடுத்தாள். தொட்டியடிக் குழாய், தெருமுனைக் குழாய், எங்கள் வீடு, பெரியப்பா வீடு. கடைசியாகக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர். ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி, எல்லாவற்றையும் ஒரே துண்டில் சுற்றி எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்துக்கொண்டு படுத்தாள். எனக்கோ இப்போது காய்ச்சலே இல்லை.

மாற்றுத்துணி எடுக்கப் பெரியப்பா ஊருக்கு வந்தபோது அம்மா ஐந்தையும் அவர் முன்னால் வரிசையாக வைத்தாள். எங்கள் வீடும் அவர் வீடும் கறுப்பு. மற்ற மூன்றும் தெளிவு.

"தொட்டித் தண்ணி நல்லாத்தான் இருக்கு மாமா. தெருமுன வரைக்கும் நல்லாருக்கு. அதுக்கப்புறம்தான் எங்கயோ கெடுது."

குத்துக்காலிட்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார். தெருமுனை தாண்டிச் சாக்கடைக்கு அடியில் குழாய் போகும் இடத்தில், முழங்காலளவு கழிவில் இறங்கி அவரே தோண்டினார். இணைப்பு விரல் நுழையும் அளவுக்கு விலகியிருந்தது. தண்ணீர் விடாத நேரமெல்லாம் காலிக்குழாய் சாக்கடையை உறிஞ்சியிருக்கிறது. "நான் பவுடர் போட்டு அனுப்பினேனே, நான் பவுடர் போட்டு அனுப்பினேனே" என்று அவர் குழிக்குள்ளேயே நின்றார்.

குழாயை மாற்றினார்கள். தங்கை மெலிந்துபோய் வீடு திரும்பினாள். அம்மா மறுபடி அதே தெருவில் ஒரு பாட்டில் பிடித்து வைத்தாள். இரண்டாம் நாள் அதைக் கையில் உயர்த்திப் பிடித்தபடி வீடு வீடாகப் போனாள். பெரியப்பா வாங்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்மாவும் அழுதாள்.

நான் எக்கி எக்கிப் பார்த்தேன். உள்ளே வெறும் தண்ணீர். இரண்டு நாள் காத்திருந்தும் அதற்குள் ஒன்றுமே நடந்திருக்கவில்லை. ஒன்றுமே நடக்காததற்கு இந்தப் பெரியவர்கள் எதற்காக இப்படி அழுகிறார்கள் என்று எனக்கு விளங்கவே இல்லை.